வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டுத் திட்டங்கள்: மீனவருக்கு வந்து சேர்ந்தது என்ன?

கேள்வி: கோடிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்து மீனவக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த நான், ஒரே கடலைப் பங்கிட்டுக்கொள்ளும் அண்டை நாடுகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுத் திட்டங்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிவருகிறேன். எங்கள் கடலைப் பொறுத்தவரை, படிக்கப் படிக்கக் குழப்பமே கூடுகிறது. சென்னையில் தலைமையகம் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதே பெயரில் அரசுகளுக்கிடையிலான அமைப்பு என்று பிற்பாடு ஒன்று வந்திருக்கிறது. தாய்லாந்தின் புக்கெட்டில் அலுவலகம் வைத்து எட்டு நாடுகளுக்காக நடந்த பெருங்கடல் சூழலமைவுத் திட்டம் மற்றொன்று. போதாததற்கு டாக்காவில் செயலகம் கொண்ட பிம்ஸ்டெக் என்னும் பொருளாதாரக் கூட்டமைப்பு வேறு. ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த விரிகுடாவைப் போல ஒத்துழைப்பு மிகுந்த கடல் வேறெங்கும் இருக்காது என்றே தோன்றும். ஆனால் என் தந்தையிடம் இந்தப் பெயர்களைச் சொன்னபோது, ஒன்றையும் அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. "அதனால் நமக்கு என்ன வந்தது?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை.

என் ஐயங்கள் இரண்டு. இவற்றுள் எது எதிலிருந்து பிறந்தது, எது எதைச் செய்கிறது என்பது முதலாவது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒத்துழைப்பு நடந்தும், எல்லை தாண்டும் மீன்பிடிப்பு, கைது, படகுப் பறிமுதல் ஆகியவற்றில் இந்த அமைப்புகளால் ஏன் எதையும் செய்ய முடியவில்லை என்பது இரண்டாவது. "அரசியல் விருப்பம் இல்லை" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அது விடையாகப் படவில்லை.

பதில்: அலைவாய்க்கரை

தம்பிக்கு வணக்கம். மீன்வளத் துறையில் களப் பணியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

வங்காள விரிகுடாத் திட்டத்தை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், தாய்லாந்து, மலேசியா ஆகிய ஐந்து நாடுகள் முதலில் இருந்தன. இந்தோனேசியாவும் மாலத்தீவும் பின்னர்ச் சேர்ந்தன. தொடக்கத்தில் செலவைப் பெரிதும் சுவீடன் ஏற்றுக்கொண்டது, பிறகு டென்மார்க்கும் கைகொடுத்தது. அது எல்லைத் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதற்காக ஏற்பட்ட அமைப்பல்ல. கரையோரச் சிறு மீனவரின் படகு, வலை, வருமானம், கல்வி ஆகியவற்றில் ஒரு நாட்டில் செய்துபார்த்ததை அடுத்த நாட்டுக்கு எடுத்துச்செல்லும் தொழில்நுட்பத் திட்டமாகவே அது வந்தது.

படகையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களே அதிகம். உடைகிற அலையைத் தாண்டி வெளியே போகவும், திரும்பி வந்து மணலில் ஏறவும் கட்டுமரத்தை விட்டால் வேறு வழி இல்லாதிருந்த காலம் அது. கட்டுமரத்திலோ மீனைப் போட்டுவைக்க அறை கிடையாது, ஐஸ் கொண்டுபோக முடியாது, உடம்பு முழுக்க நனையாமல் ஒரு நாளும் தொழில் செய்ய முடியாது. அதற்கு மாற்றாகக் கரையிறங்கு படகு என்ற ஒன்றை இத்திட்டத்தின் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். அதில் சிறிய டீசல் எஞ்சினைப் பொருத்தி, கரையை நெருங்கும்போது மணலில் இடிபடாமல் புரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பையும் வைத்தார்கள். கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும். அலைவாயில் படகு கவிழ்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். விலை கட்டுமரத்தைப்போலப் பல மடங்கு இருந்ததால் அந்தப் படகு நம் கரையில் அப்படியே நிலைத்துவிடவில்லை. ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு ஊர் ஊராக நிறைந்த பைபர் படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சோதனைகள்தாம் என் நினைவுக்கு வரும். அவற்றின் நேர்ப்பிள்ளை என்று சொல்லமாட்டேன், ஒரே வகையறா என்று சொல்லலாம். மீனவருக்கான முதியோர் கல்வியும், மீனவப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்யும் முயற்சிகளும் இதே திட்டத்தின் வேலைகளாக நடந்தன.

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மையாகாது. வாய் உயரமாகத் திறக்கும் இழுவைமடியை (விசைப்படகு கடலடியோடு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) தமிழ்நாடு, குஜராத், ஒரிசாக் கரைகளில் சோதித்துக் காட்டியதும் இத்திட்டமே. இறாலை மட்டும் நம்பியிருந்த விசைப்படகுக்கு மீனும் சேர்ந்து கிடைக்கும் என்பது அன்றைய கணக்கு. அன்று அதை முன்னேற்றம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 1990களின் நடுவில் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில்தான், கூடுதலாகப் பிடிப்பது எப்படி என்ற கேள்வி போய், எஞ்சியிருப்பதைப் பேணுவது எப்படி என்ற கேள்வி வந்தது.

நன்கொடை நாடுகளின் காலம் முடிந்தபின், 2003இல் உறுப்பு நாடுகளே சந்தா கட்டி நடத்தும் அரசுகளுக்கிடையிலான அமைப்பாக அது உருமாறியது. அப்போது சேர்ந்தவை இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நான்கு மட்டுமே. ஏழு நான்கானது ஏன் என்பதை உங்கள் ஆய்வேட்டில் ஓர் இயலாக வைக்கலாம். பிறர் பணத்தில் நடக்கும் திட்டத்தில் சேர்வது ஒன்று, தன் பணத்தைப் போட்டு அமைப்பில் அமர்வது வேறொன்று. மேலும் இந்த அமைப்பு ஆலோசனை மட்டுமே கூறும், எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

புக்கெட் திட்டம் இதிலிருந்து வேறானது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணத்தில் 2009 முதல் 2015 வரை நடந்தது. மேற்சொன்ன ஏழு நாடுகளோடு மியான்மரும் சேர்ந்து எட்டு. மீன்வளம் அளவுக்கு மீறிச் சுரண்டப்படுவது, வாழிடச் சிதைவு, மாசு ஆகியவற்றை ஒரு நாட்டின் பிரச்சினையாக அல்லாமல் முழு விரிகுடாவின் பிரச்சினையாக ஆராய்ந்தது அதன் சிறப்பு. இல்லிஷ் (ஹில்சா), அயிலை, சுறா ஆகியவற்றை எல்லை கடந்து வாழும் மீன்களாகக் கொண்டு அது ஆய்வுகளை நடத்தியது.

பிம்ஸ்டெக் 1997இல் பாங்காக்கில் தொடங்கிய பொருளாதாரக் கூட்டமைப்பு. மீன்வளம் அதன் பல துறைகளில் ஒன்று. அதன் சாசனம் 2022 கொழும்பு மாநாட்டில்தான் கையெழுத்தாகி, 2024இல் நடைமுறைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டு சாசனம் இல்லாமலே ஓடிய வண்டி அது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: கடற்கரையே இல்லாத நேபாளமும் பூட்டானும் அதில் உறுப்பினர்கள், கடலைத் தவிர வேறெதுவும் இல்லாத மாலத்தீவு உறுப்பினர் இல்லை.

பதில்: வாடிக்காரன்

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். ஐயா கூறிய வரலாற்றுக்கு நன்றி. அந்த வரிசையில் ஒரு பெயர் விடுபட்டுள்ளது. கொழும்பில் தலைமையகம் கொண்ட தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 1982இல் உருவானது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலைதீவு, பாகிஸ்தான் ஆகிய ஐந்து கரையோர நாடுகளுக்கான தெற்காசியக் கடல்கள் செயற்றிட்டத்துக்கு அதுவே செயலகம். அச்செயற்றிட்டம் 1995இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகின் வேறு பல பிராந்தியக் கடல்களுக்குச் சட்டப்படி பிணைக்கும் சமவாயம் (பன்னாட்டு உடன்படிக்கை) ஒன்று இருக்க, நமக்குச் செயற்றிட்டம் மட்டுமே இருக்கிறது என்பதைத் தம்பி குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாக்கு நீரிணைப் பிரச்சினையை இந்தப் பிராந்திய அமைப்புகள் தீர்க்கத் தவறிவிட்டன என்பதைவிட, அது அவற்றின் மேசைக்கு வராமலே பார்த்துக்கொள்ளப்பட்டது என்பதே பொருந்தும். எல்லை 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் இருதரப்பு உடன்படிக்கைகளால் வரையப்பட்டது. அதைத் தொட்டு எழும் எதையும் டெல்லியும் கொழும்பும் இருதரப்பு விடயமாகவே வைத்துக்கொள்ள விரும்புகின்றன. 2014 ஜனவரியில் சென்னையிலும், அதே ஆண்டு மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். அது பிராந்திய அமைப்பின் கூட்டமன்று. 2016இல் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன. அதுவும் இருதரப்பானதே.

அந்தப் பேச்சுகளில் எங்கள் மீனவர் சமாசங்கள் (சங்கங்களின் கூட்டமைப்புகள்) கேட்டது ஒன்றுதான்: இழுவைமடியை நிறுத்துங்கள். போர் முடியும்வரை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக முடியாத ஆண்டுகள் பல. 2009க்குப் பின் கடன்பட்டு வாங்கிய வலைகளை இரவில் கடலில் விட்டுவிட்டு, காலையில் போய்க் கயிற்றைத்தான் இழுத்தெடுத்தோம்; வலையைத் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் அறுத்துச் சென்றிருக்கும். இலங்கை 2017இல் அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அந்தத் தடை எங்கள் பக்கத்து இழுவைப்படகுகளையும் சேர்த்தே தடுத்தது என்பது தமிழ்நாட்டு ஊடகங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. இரு கரையிலும் இருப்பவர் ஒரே மொழி பேசுகிறவர், ஆகவே பேசித் தீர்த்துவிடலாம் என்று எழுதுவோரிடம் எனக்குப் பொறுமை குறைவு. மொழி ஒன்றானாலும் மடி வேறு. இழுவைமடியும், நாங்கள் கடலில் விட்டுவைக்கும் செவுள்வலையும் ஒரே இரவில் ஒரே நீரில் இருக்க முடியாது.

ஆனால், அந்தச் சச்சரவைப் பிராந்திய மேசைக்குக் கொண்டுபோயிருந்தால் நல்லதாக முடிந்திருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. புயல் எச்சரிக்கையைப் பாருங்கள். உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் 1972இல் அமைத்த வெப்பமண்டலப் புயல் குழுவில் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்தே இருக்கின்றன. 2004 முதல் உறுப்பு நாடுகள் தந்த பெயர்ப் பட்டியலிலிருந்து வரிசைப்படி புயலுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. 2018இல் உங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட கஜா என்ற பெயர் இலங்கை கொடுத்தது, அதற்கு முந்தைய ஆண்டு கன்னியாகுமரியைத் துயரத்தில் ஆழ்த்திய ஒக்கி வங்கதேசம் கொடுத்தது. போரும் பகையும் எல்லைச் சண்டையும் நடந்த ஆண்டுகளிலும் அந்தத் தகவல் பரிமாற்றம் நின்றதில்லை. யாருடைய நிலத்தையும் நீரையும் பற்றி அது வாய் திறக்காததே காரணம் என்று நான் கருதுகிறேன். தகவல் நாடுகளைக் கடந்து வந்துவிடுகிறது, கரையிலிருந்து நூறு கடல் மைலுக்கு அப்பால் நிற்கும் படகுக்குத்தான் வந்து சேர்வதில்லை என்பதை ஒக்கி காட்டியது. அந்தப் பிழை பிராந்தியக் கூட்டுறவின் பிழையன்று.

பதில்: பலேர்மோத் தமிழன்

வாடிக்காரன் ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டே, இன்னொரு கடலின் அனுபவத்தை முன்வைக்க விரும்புகிறேன். இத்தாலிக்கும் குரோவேசியாவுக்கும் நடுவே உள்ள ஏட்ரியாட்டிக் கடல், பாக்கு நீரிணையை விட அகலமானது. ஆனாலும் பிரச்சினையின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றே: மேற்குக் கரையில் பெரிய இழுவைப்படகுக் கூட்டம், கிழக்குக் கரையில் சிறியது, நடுவில் இரு தரப்பும் தம்முடையதாகக் கருதும் மீன்தளம்.

இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்டர்ரெக் என்னும் எல்லை கடந்த ஒத்துழைப்புத் திட்டம் 1990 முதல் நடந்துவருகிறது. குரோவேசியா 2013இல் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, இத்தாலி–குரோவேசியா என்றே தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதை நடத்துவது வெனிசில் இருக்கும் வெனெத்தோ மாநில ஆட்சி, ரோம் நகரின் அமைச்சகம் அன்று. பங்கெடுப்பவையும் நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள், துறைமுகங்கள், ஆய்வு நிலையங்கள் போன்றவையே. எந்த வேலைத்திட்டத்திலும் இரு கரையிலிருந்தும் பங்காளிகள் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போதைய காலப் பகுதியில் செலவில் 80 விழுக்காடு வரை ஒன்றியம் தரும். அதுவும் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகே திருப்பித் தரப்படும். கணக்கு எழுதியே களைத்துப்போகிறோம் என்று அதில் வேலை செய்வோர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

கோடிக்கரையான் இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்திய அரசியலமைப்பின்படி, கரையை ஒட்டிய 12 கடல் மைல் ஆட்சிக்கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, மற்ற மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. விசைப்படகைப் பதிவு செய்வதும், 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் தமிழ்நாடு அரசு. ஆனால் பிராந்திய மேசையில் உறுப்பினராக அமர்வது டெல்லி. படகின் மீது கைவைக்கக்கூடியவருக்கு மேசையில் இருக்கை இல்லை, இருக்கையில் இருப்பவர் படகைப் பார்ப்பதில்லை. "அரசியல் விருப்பம்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பவற்றில் இது ஒன்று.

இன்டர்ரெக் போன்ற திட்டங்கள் எல்லாவற்றையும் சாதித்துவிட்டன என்று சொல்ல வரவில்லை. ஏட்ரியாட்டிக்கின் நடுவில் 200 மீட்டருக்கும் ஆழமான ஒரு பள்ளம் உண்டு. இத்தாலியர் போமோ என்பார்கள், குரோவேசியர் யாபுகா என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஆப்பிள் என்பதே. ஹேக் மீனும் ஸ்கம்பி இறாலும் அங்கே குஞ்சுகளாக வளர்கின்றன. 1999 முதல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் ஏட்ரியாமெட் என்ற திட்டத்தின்கீழ் இரு கரை அறிவியலாளர்களும் சேர்ந்து வேலை செய்து, அந்தப் பள்ளமே இரு நாட்டு மீன்வளத்துக்கும் நாற்றங்கால் என்பதை மறுக்க முடியாதபடி காட்டினார்கள். 2015இல் இரு அரசுகளும் தாமாக ஒப்புக்கொண்டு அங்கே இழுவைமடியை நிறுத்தின. அடுத்த ஆண்டே இத்தாலி அதில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. 2017இல் மத்தியதரைக் கடலின் பொது மீன்வள ஆணையம் அதைத் தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவித்தது. நடுப்பகுதியில் அடித்தள மீன்பிடிப்பு முற்றாக நின்றது, சுற்றியுள்ள இரு பகுதிகளில் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஹேக்கும் ஸ்கம்பியும் பெருகத் தொடங்கியதாக ஆய்வுகள் காட்டின.

இதில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வேலைப் பிரிவினை. தரவைத் திரட்டியது ஒரு கூட்டுறவுத் திட்டம். கட்டளையிட்டது, உறுப்பு நாடுகளைப் பிணைக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற வேறோர் ஆணையம். இரண்டும் சேர்ந்தபோதுதான் பள்ளம் மீன்பிடிப்புக்கு மூடப்பட்டது. விரிகுடாவில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்துக்கு அத்தகைய அதிகாரம் உண்டு, ஆனால் அது சூரை, அதன் இன மீன்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இறாலும் அயிலையும் நண்டும் அதன் வட்டத்துக்குள் வருவதில்லை. பாக்கு நீரிணையில் அடிபடுபவை அவைதாம்.

பதில்: வாடிக்காரன்

நண்பரின் ஒப்பீடு பயனுள்ளது. ஒரு குறுக்கீட்டை மட்டும் அனுமதிக்க வேண்டும். குரோவேசியா 2003இல் அறிவித்த மீன்வளப் பாதுகாப்பு வலயத்தை, ஒன்றியத்தில் சேர வேண்டுமானால் ஒன்றிய நாட்டுப் படகுகளுக்குப் பொருத்தக் கூடாது என்ற அழுத்தத்தினால் 2008இல் தளர்த்தியது. அதாவது அங்கே இரு நாடுகளுக்கும் மேலே ஒரு பெரிய வீடும், அந்த வீட்டுக்குள் நுழைய ஒரு வாசலும், வாசலில் கேட்கப்படும் விலையும் இருந்தன. நமக்கு அப்படி மேலே எதுவும் இல்லை. இருப்பது ஒரு பெரிய நாடும் சில சிறிய நாடுகளும் மட்டுமே. சிறிய நாட்டில் இருந்துகொண்டு "பிணைக்கும் அதிகாரம்" என்ற சொல்லைக் கேட்கும்போது, பிணைக்கப்படப்போவது யார் என்ற ஐயம் எங்களுக்கு எழத்தான் செய்யும்.

கேள்வியாளர்: கோடிக்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிணைக்கும் அமைப்பும் இல்லை, மேலே ஒரு வீடும் இல்லை என்றால், விரிகுடா நாடுகள் தமக்குள் ஒரு மீன்பிடி விதியை ஒத்திசைவாக வைத்துக்கொண்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லையா? நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. மீனுக்கு எல்லை தெரியாது என்றால், இதே காலம் அக்கரையிலும் இருந்தால்தானே பொருள்?

பதில்: ஹூக்ளிக்கரை

வேலையின் பொருட்டுக் கொல்கத்தாவில் வசிக்கும் தமிழன் நான். தங்கள் கேள்விக்கான விடை இந்தக் கரையில் அண்மையில்தான் கிடைத்தது.

வங்கதேசம் 2015 முதல் மே 20இலிருந்து ஜூலை 23 வரை 65 நாள் கடல் மீன்பிடித் தடையை வைத்திருந்தது. முதலில் பெரிய இழுவைக் கப்பல்களுக்கு மட்டும் இருந்த அந்தத் தடை 2019இல் எல்லாப் படகுகளுக்கும் விரிக்கப்பட்டது. இந்தியத் தடை ஜூன் 14இல் முடிந்துவிடும். ஆக, ஜூன் நடுவிலிருந்து ஜூலை 23 வரை ஏறத்தாழ நாற்பது நாள், வங்கதேச மீனவர் கரையில் படகைக் கட்டிவைத்துக்கொண்டு இருக்க, இந்தியப் படகுகள் அதே விரிகுடாவில் தொழில் செய்தன. நாங்கள் பட்டினி கிடந்து காப்பாற்றிய மீனை அடுத்தவர் அள்ளிச் செல்கிறார் என்ற அவர்களின் குறை ஆண்டுதோறும் எழுந்தது. தங்கள் கடலுக்குள்ளேயே இந்தியப் படகுகள் வருகின்றன என்றும் குற்றம்சாட்டினார்கள். 2025இல் வங்கதேச அரசு தடைக்காலத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை, 58 நாளாக மாற்றியமைத்தது. இன்று இரு நாடுகளின் தடைக்காலமும் ஒரே நாளில் தொடங்குகிறது, மூன்று நாள் வேறுபாட்டில் முடிகிறது.

இதில் ஆய்வாளருக்கு உரிய சுவை எங்கே என்றால், இதற்கு எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகவில்லை. ஒரு நாடு தன் மீனவரின் நெருக்குதலால், தன் அரசாணையால், அண்டை நாட்டின் நாள்காட்டியோடு தன்னுடையதைப் பொருத்திக்கொண்டது. இரு நாடுகளுக்கும் அரசியல் உறவு கசந்திருந்த நேரத்தில் இது நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அப்படியானால் பிராந்தியத் திட்டங்களுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. இல்லிஷ் மீன் வங்கதேசம், இந்தியா, மியான்மர் மூன்றுக்கும் பொதுவானது என்பதையும், ஒரு நாடு தனியாகப் பேணிப் பயனில்லை என்பதையும் அதிகாரிகளின் பேச்சில் இயல்பாக்கியதில் அந்தப் புக்கெட் திட்டக் காலத்து ஆய்வுகளுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு.

எல்லைத் தீர்ப்புகளும் உதவின என்று நினைக்கிறேன். மியான்மருடன் 2012இல் பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயத்திலும், இந்தியாவுடன் 2014இல் நடுவர் தீர்ப்பாயத்திலும் வங்கதேசம் தன் எல்லையைத் தீர்த்துக்கொண்டது. இந்தியாவோடு தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குக் கிடைத்தது. இந்தியா அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. கோடு எங்கே என்ற சண்டை முடிந்த பிறகுதான், கோட்டுக்கு இருபுறமும் எப்போது மீன் பிடிப்பது என்ற பேச்சுக்கு இடம் கிடைக்கிறது. பாக்கு நீரிணையில் கோடு 1974இலேயே போடப்பட்டுவிட்டது என்றாலும், தமிழ்நாட்டில் அது இன்னும் மனத்தளவில் ஏற்கப்படவில்லை. இதை எழுதினால் இங்கே சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

பதில்: அலைவாய்க்கரை

கோபம் வரவில்லை, ஐயா. கச்சத்தீவு பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த இழை திசைமாறிவிடும், ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

கோடிக்கரையான் தம்பிக்கு ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் அந்த 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு மட்டுமே, நாட்டுப்படகுகளுக்குப் பொருந்தாது. வங்கதேசத்தில் 2019க்குப் பிறகு சிறு படகுகளும் கட்டுண்டன. நாட்கள் ஒன்றானாலும் தடுக்கப்படுபவர் வேறு. ஒப்பிடும்போது இதைச் சொல்லாவிட்டால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. பழைய வங்காள விரிகுடாத் திட்டத்தின் கூட்டக் குறிப்புகளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், அவற்றில் எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருப்பார்கள். அத்திட்டம் வெளியிட்ட செயல்முறை அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள். எந்த ஊரில் எந்தப் படகைக் கொடுத்தார்கள், எவ்வளவு எரிபொருள் ஆயிற்று, மீனவர் அதை ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதையெல்லாம் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். தோல்வியை அவ்வளவு விளக்கமாக எழுதிய அரசு ஆவணங்களை நான் என் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் தந்தைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்குமானால், கரையிறங்கு படகின் படத்தை அவரிடம் காட்டிப் பாருங்கள். திட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் படகை அடையாளம் கண்டுகொள்வார் என்று நினைக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே வந்து எழுதுங்கள்.